ஓட்டை போட்ட அட்டையில் ஒரு தேசம்

(இரண்டாம் ஆண்டு கணிப்பொறியியல் மாணவன்)



கம்ப்யூட்டர் லேபில் நான் செய்த முதல் சாதனை எது தெரியுமா? ஒரு ஃபைலைத் தொலைத்ததுதான்!

முதல் செமஸ்டர். ஒன்றரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பக்கம் டைப் செய்தேன். சேவ் கொடுத்தேன். மலையைப் புரட்டிய மாதிரி ஒரு நிம்மதி. அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன், ஃபைலைக் காணோம்! என்ன பெயர் கொடுத்தாய், எந்த ஃபோல்டரில் வைத்தாய் என்று லேபில் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சேவ் பொத்தானை அழுத்தினேன், அது உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பள்ளியிலேயே கம்ப்யூட்டர் படித்து வந்தவர்கள் பக்கத்து சீட்டில் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதெல்லாம் நமக்கு ஒத்து வராது, மெக்கானிக்கல் பக்கம் மாற்றித் தரச் சொல்லலாமா என்று கூட அன்று யோசித்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கிடங்கில் மூட்டை சுமப்பவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். மூட்டையை உள்ளே போடுவதா பெரிய வேலை? எந்த அட்டியில், எத்தனையாவது வரிசையில் போட்டோம் என்று தெரிந்து, கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பதுதானே வேலை என்றார். எனக்குச் சுருக்கென்றது. சேமிப்பகம் என்ற பாடத்தின் முதல் யூனிட்டை எனக்கு நடத்தியவர் எங்கள் அப்பாதான் என்றால் அது மிகையாகாது.

அதற்குப் பிறகு நம் நூலகத்தில் கம்ப்யூட்டர் வரலாறு பற்றிய புத்தகங்களைப் புரட்டிக் கொண்டிருந்தபோது ஒரு மனிதர் கிடைத்தார். அப்பா கேட்ட அதே கேள்வியை ஒரு நாடே கேட்டபோது பதில் கண்டுபிடித்தவர். அவர்தான் ஹெர்மன் ஹாலரித். அவருடைய கதையை உங்களோடு பகிர்ந்து கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பெல்லிங் வராத பையன்

1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஹாலரித் பிறந்தார். ஆம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாள்! பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார்.

பள்ளியில் அவருக்கு ஸ்பெல்லிங் வராது. ஸ்பெல்லிங் வகுப்பு என்றால் பையன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுவானாம். கடைசியில் பள்ளியை விட்டு நிறுத்தி, தனியாக ஒரு ஆசிரியரிடம் படிக்க வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? ப்ரோக்ராமில் ஒரு எழுத்து மாறினாலே எர்ரர் எர்ரர் என்று திட்டு வாங்குகிற என்னைப் போன்றவனுக்கு, இந்தத் துறையின் முன்னோடியே ஸ்பெல்லிங்குக்குப் பயந்தவர் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கணக்கும் இயந்திரமும் அவருக்குக் கை வந்தன. 1879-ல் கொலம்பியாவின் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது வயது 19. நம்மைவிட ஒரு வயது, இரண்டு வயதுதான் மூத்தவர்! அவருடைய பேராசிரியர் ட்ரோபிரிட்ஜ் அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையிலும் இருந்தார். கெட்டிக்கார மாணவனைத் தன்னுடன் வாஷிங்டனுக்கு அழைத்துக் கொண்டார். ஹாலரித்தின் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

எட்டு வருடக் கணக்கு

அமெரிக்க அரசியல் சட்டப்படி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும். அதை வைத்துத்தான் எந்த மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று முடிவாகும். 1880-ல் 5 கோடிப் பேரை எண்ணினார்கள். வீடு வீடாகப் போய் எழுதி வந்து விட்டார்கள், சரி. எழுதி வந்த தாள்களை என்ன செய்வது?

ஒரு பெரிய ஹாலில் நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் பார்த்துக் கோடு கோடாகப் போட்டு எண்ணினார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒருமுறை. வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை என்று இன்னொருமுறை. தொழில்வாரியாக மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு கேள்விக்கும் அதே தாள்மலையைத் திரும்பத் திரும்பக் குடைய வேண்டும். முழுக்கணக்கும் முடிய ஏறக்குறைய எட்டு வருடம் ஆனது. ஜனத்தொகையோ ஏறிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் ஒரு கணக்கு முடியும் முன்னே அடுத்த கணக்கெடுப்பு வந்து நின்றுவிடும்!

கவனியுங்கள் நண்பர்களே. அங்கே தகவலுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் பத்திரமாகத் தாளில் இருந்தது. ஆனால் கேட்டபோது எடுக்க முடியவில்லை. என்னுடைய முதல் செமஸ்டர் ஃபைல் கதைதான், ஐந்து கோடி மடங்கு பெரிதாக!

அதே அலுவலகத்தில் பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கவனித்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற டாக்டர். மருத்துவ நூல்களுக்கெல்லாம் பெரிய அட்டவணை தயாரித்தவர், பின்னாளில் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநர் ஆனவர். புத்தகத்தை அடுக்குவதும் தேடுவதும் அவருக்கு உயிர். இந்த எண்ணும் வேலையை ஒரு இயந்திரம் செய்ய வேண்டும் என்று இளைஞர் ஹாலரித்திடம் விதை போட்டவர் அவரே. பிறகு அந்தக் காரியத்தில் பங்கு சேர ஹாலரித் அழைத்தபோது பில்லிங்ஸ் ஒதுங்கிக் கொண்டார். விதை அவருடையது, விளைவித்தது இவர்.

ரிப்பனிலிருந்து அட்டைக்கு

1882-ல் ஹாலரித் எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் கற்பிக்கப் போனார். பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. மறு வருடமே வாஷிங்டன் திரும்பிக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு அதையும் விட்டு விட்டு, 1884 செப்டம்பர் 23-ம் தேதி தன் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

அவருடைய முதல் யோசனை என்ன தெரியுமா? நீண்ட காகித ரிப்பன். ஒவ்வொரு ஆளுக்கும் ரிப்பனில் சில ஓட்டைகள். ஓட்டை இருக்கும் இடத்தில் மின்சாரம் பாயும், எண்ணிக்கை கூடும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு சிக்கல். ரிப்பனின் நடுவில் இருக்கிற ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அதுவரை முழுவதையும் ஓட்ட வேண்டும். பிரிக்க முடியாது, இடம் மாற்ற முடியாது.

நம் ஊர் மளிகைக் கடையில் பார்த்திருப்பீர்கள், பில்லையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். அடியில் இருக்கும் பில் வேண்டுமென்றால் மேலே உள்ளதையெல்லாம் உருவியாக வேண்டும். ஃபைல் என்ற சொல்லே நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் தாள்களை நூலில் கோத்து வைத்ததால் வந்த பெயர். இப்படி வரிசையாக மட்டுமே எடுக்க முடிகிற முறைக்குத்தான் சீக்வென்ஷியல் ஆக்சஸ் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கேசட் டேப்பும் அப்படித்தான்.

இதற்கு விடை ஒரு ரயில் பயணத்தில் கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்க ரயில்களில் கண்டக்டர்கள் டிக்கெட்டில் பயணியின் அடையாளத்தை ஓட்டையாகவே போடுவார்கள். வெளிர் நிற முடியா, கறுப்புக் கண்ணா, பெரிய மூக்கா என்று பார்த்து அந்தந்த இடத்தில் பஞ்ச். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது! ஒரு ஆளின் அடையாளத்தை ஒரு துண்டு அட்டையில் ஓட்டையாகச் சொல்லிவிட முடிகிறதே என்று ஹாலரித்தின் மனதில் அது பதிந்தது. ரிப்பனைக் கைவிட்டார். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்று மாறினார்.

சின்ன மாற்றம்தானே என்று நினைக்காதீர்கள். அட்டை ஆனதும் கலைக்கலாம், பிரிக்கலாம், வேண்டியதை மட்டும் உருவலாம், மறுபடி வேறு விதமாக அடுக்கலாம். சேமித்ததை விரும்பிய வரிசையில் எடுக்கும் வழி பிறந்துவிட்டது.

ஆனால் உடனே பணமும் புகழும் கொட்டிவிடவில்லை. இடையில் ரயில்களுக்கு மின்சார பிரேக் செய்து பார்த்தார். அதில் ஜெயித்தது வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக். பால்டிமோர் நகரத்து இறப்புக் கணக்கைத் தன் அட்டை முறையில் போட்டுக் காட்டினார். அதற்காக ஆயிரக்கணக்கான அட்டைகளில் தானே கையால் ஓட்டை போட்டுக் கை வீங்கிப் போனார். கை வலித்ததால்தான் ஓட்டை போட நல்ல கருவி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிராக்டிகலில் கை கன்றிப் போகிறபோது இதை நினைத்துக் கொள்ளுங்கள்!

பாதரசக் கிண்ணமும் நாற்பது கடிகாரமும்

1889 ஜனவரி 8-ம் தேதி அவருக்கு மூன்று காப்புரிமைகள் கிடைத்தன. அதே ஆண்டில் வரப்போகும் கணக்கெடுப்புக்கு எந்த முறை நல்லது என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த 10,491 பேரின் விவரம். போட்டியாளர் மூவர். ஹண்ட் என்பவருடையது கலர் மையில் எழுதிய சீட்டு முறை, பிட்ஜின் என்பவருடையது கலர் அட்டை முறை, மூன்றாவது நம்மவர்.

விவரங்களை மாற்றி எழுத ஹண்டுக்குச் சுமார் 144 மணி நேரம், பிட்ஜினுக்கு 110, ஹாலரித்துக்கு 72. அதன்பின் எண்ணிக் கூட்டுவதற்கு ஹண்டுக்குச் சுமார் 55 மணி நேரம், பிட்ஜினுக்கு 44. ஹாலரித்துக்கு எவ்வளவு? ஐந்தரை மணி நேரம்! 1890-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். டிப்ளமோ படிக்கிற நமக்கு இது எளிதில் புரியும். அட்டையை ஒரு அச்சு போன்ற அமைப்பில் வைத்துக் கைப்பிடியை இறக்க வேண்டும். மேலிருந்து ஸ்பிரிங் வைத்த ஊசிகள் அட்டை மேல் இறங்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்பட்டு நின்றுவிடும். ஓட்டை இருந்தால் ஊசி அதன் வழியே போய்க் கீழே உள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். சர்க்யூட் மூடும். மின்காந்தம் இழுக்கும். எதிரே கடிகாரம் மாதிரி உள்ள டயலில் முள் ஒரு படி நகரும். இப்படி 40 டயல்கள். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் 24 அறைகள். எந்த அறையில் அந்த அட்டையைப் போட வேண்டுமோ அந்த மூடி தானே திறந்து கொள்ளும். அட்டையை அதில் போட்டு மூடிவிட்டு அடுத்தது. எண்ணுவதும் பிரிப்பதும் ஒரே கை அசைவில்!

பிரித்த அட்டைகள் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி. கட்டை நேராக்கிப் பிடித்து ஒரு கம்பியை ஓட்டைக்குள் விட வேண்டும். கம்பி அந்தப் பக்கம் வந்தால் எல்லாம் சரி. நடுவில் முட்டினால் தப்பான அட்டை ஒன்று கலந்திருக்கிறது. நம் சார்கள் சொல்லும் எர்ரர் செக்கிங் இதுதானே!

அந்த வருடக் கணக்கில் அமெரிக்காவின் மக்கள் தொகை சுமார் 6 கோடியே 26 லட்சம். மொத்த எண்ணிக்கை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வெளியாகிவிட்டது. அதே 1890-ல் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. அவர் வேலைக்கு வந்து சேர்ந்தபோது 19 வயது. இப்போது 30.

அட்டைக்குள் நம் சிலபஸ்

இந்த அட்டையைப் புரிந்து கொண்ட பிறகு எனக்குப் பாடப் புத்தகம் சட்டென்று திறந்து கொண்டது. எப்படி என்று சொல்கிறேன்.

1890 அட்டையில் 12 வரிசை, 24 பத்தி. மொத்தம் 288 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. உண்டு, இல்லை என்ற இந்த இரண்டே பதில்தான் நாம் படிக்கும் பிட். வயது, பாலினம், பிறந்த நாடு, தொழில் என ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய பகுதி ஃபீல்டு. ஒரு ஆளுக்கான ஒரு அட்டை ரெக்கார்டு. (சார் கையெழுத்துக்காக அலைகிறோமே அந்த ரெக்கார்டு நோட்டு அல்ல!) ஒரு ஊரின் அட்டைகள் எல்லாம் சேர்ந்த கட்டு ஃபைல்.

அட்டையின் ஒரு ஓரத்தில் அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்ற எண் இருக்கும். ஒரு பகுதிக்கான அட்டைகளுக்கெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முதலிலேயே அந்த ஓட்டைகளைப் போட்டுவிடுவார்கள். எந்த அட்டை எங்கிருந்து தவறி விழுந்தாலும் அதன் வீட்டு விலாசம் அதன் மேலேயே இருக்கும். இன்று டிரைவ், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபைல் என்று நாம் எழுதும் பாத் என்பதும் இந்த விலாசமே.

இன்னொரு விஷயம். மூன்றாவது பத்தியில் ஒரு ஓட்டை என்றால் என்ன அர்த்தம்? அட்டையை மட்டும் பார்த்தால் தெரியாது. எந்த இடம் எதற்கு என்று முன்பே ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதுதான் ஃபார்மட். ஒரு படத்தின் ஃபைலை நோட்பேடில் திறந்தால் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வருகின்றனவே, ஏன்? உள்ளே இருக்கும் ஓட்டைகள் சரிதான். நாம் தப்பான ஒப்பந்தத்தை வைத்துப் படிக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 288 பிட் என்றால் 36 பைட். 6 கோடியே 26 லட்சம் அட்டைகள் என்றால் ஏறக்குறைய 225 கோடி பைட். அதாவது சுமார் இரண்டேகால் ஜி.பி. ஒரு தேசத்தின் ஜனங்கள் அத்தனை பேரும் நம் சட்டைப் பையில் உள்ள 4 ஜி.பி. பென்டிரைவில் அடங்கி, பாதிக்குக் கொஞ்சம் குறைய இடமும் மிச்சம் இருக்கும்!

ஆனால் பென்டிரைவுக்குள்ளும் விஷயம் அதேதான். அதில் இடங்கள் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஃபேட் என்ற எளிய முறையில் ஒரு பகுதி முழுக்க அட்டவணைக்கே ஒதுக்கியிருக்கும். ஃபைலின் பெயர், அளவு, அது தொடங்கும் அறை எண் ஆகியவை டைரக்டரியில் இருக்கும். அடுத்த துண்டு எந்த அறையில், அதற்கடுத்தது எந்த அறையில் என்ற சங்கிலி அட்டவணையில் இருக்கும். ஒரே ஃபைல் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தாலும் அட்டவணை இருக்கும் வரை கவலை இல்லை. நாம் டெலிட் செய்யும்போது பெரும்பாலும் பெயரில் ஒரு குறி போட்டு, அறைகள் காலி என்று அட்டவணையில் எழுதுகிறார்கள், அவ்வளவே. உள்ளே இருப்பது, வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். எங்கள் அப்பா சொன்ன அட்டிக் கணக்குத்தான்!

சரக்கு ரயிலும் சண்டையும்

1896-ல் ஹாலரித் சொந்தமாக டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியைத் தொடங்கினார். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் சரக்குக் கணக்குக்கு இயந்திரம் கொடுத்தார். ஆட்களை எண்ணினால் போதாது, பணத்தையும் எடையையும் கூட்ட வேண்டும் என்பதால் இயந்திரத்தையே மாற்றி அமைத்தார். ரஷ்யாவின் 1897 கணக்கெடுப்பிலும் அவர் இயந்திரங்கள் வேலை செய்தன.

ஆனால் மனிதர் முன்கோபக்காரர். தன் இயந்திரத்தை விற்க மாட்டார், வாடகைக்குத்தான் தருவார். அட்டையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்பார். 1900 கணக்கெடுப்பிலும் அவர் முறையே நடந்தது. ஆனால் வாடகை அதிகம் என்று அரசாங்கத்துக்கும் அவருக்கும் தகராறு முற்றியது. 1905-ல் பிரிந்தார்கள். கணக்கெடுப்புத் துறை ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரை வைத்துச் சொந்தமாக இயந்திரம் செய்து 1910 கணக்கை முடித்தது. தான் பிறப்பித்த துறையிலேயே ஹாலரித்துக்குப் போட்டியாளர் வந்துவிட்டார். திறமை எவ்வளவு இருந்தாலும், நாலு பேரை அனுசரித்துப் போகவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

1911-ல் அவர் கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைக்கப்பட்டது. அந்த இணைப்பு நிறுவனம்தான் 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. ஹாலரித் 1921-ல் ஓய்வு பெற்று, மேரிலாந்தில் பண்ணை வைத்து உயர்ரக மாடுகள் வளர்த்தார். 1929 நவம்பர் 17-ம் தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார். வயது 69.

அவர் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1928-ல், ஐ.பி.எம். 80 பத்தி அட்டையைக் கொண்டு வந்தது. பின்னால் வந்த கம்ப்யூட்டர் திரைகளில் நெடுங்காலம் வரிக்கு 80 எழுத்து என்று இருந்தது அந்த அட்டையின் வாரிசுரிமைதான். 1956-ல் அதே கம்பெனி 24 அங்குல அகலத் தட்டுகள் 50-ஐ அடுக்கி முதல் ஹார்ட் டிஸ்க்கைத் தயாரித்தது. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று நாம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது சரியாய்ப் போகும்.

எரிந்து போன பெயர்கள்

இனி நான் சொல்லப் போவதுதான் என்னை அன்று இரவு தூங்க விடாதது.

ஹாலரித்தின் அட்டையில் வயது உண்டு, தொழில் உண்டு, பிறந்த நாடு உண்டு. பெயர் கிடையாது. எண்ணுவதற்குப் பெயர் எதற்கு? பெயர்கள் எல்லாம் வீடு வீடாகப் போய் எழுதி வந்த மூலத் தாள்களில் மட்டும் இருந்தன.

1921 ஜனவரி 10-ம் தேதி வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அடித்தளத்தில் இருந்தவை 1890-ம் ஆண்டுத் தாள்கள். கொஞ்சம் தீயில் போயிற்று. அதைவிட அதிகம் தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்து கெட்டது. மிஞ்சியதும் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, 1930-களில் அரசாங்க அனுமதியோடு அழிக்கப்பட்டது. அந்த 6 கோடியே 26 லட்சம் பேரில் இன்று அந்தக் கணக்கெடுப்புத் தாள்களில் பெயர் எஞ்சியிருப்பது சுமார் 6,160 பேருக்குத்தான்.

யோசித்துப் பாருங்கள். எத்தனை பேர் என்று துல்லியமாகத் தெரியும். யார் யார் என்று தெரியாது! வந்திறங்கிய ஏழைத் தொழிலாளி, அவன் மனைவி, கைக்குழந்தை, எல்லாரும் ஒரு எண்ணிக்கையாக நிற்கிறார்கள். இன்று அங்கே தங்கள் பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறவர்கள் 1880-லிருந்து 1900-க்குத் தாவ வேண்டியிருக்கிறது. நடுவே 20 வருடம் இருட்டு. உலகத்திலேயே வேகமான இயந்திரம் வந்து எண்ணிய அதே கணக்கெடுப்புக்கு இந்த கதி. காரணம் இயந்திரம் அல்ல. மூலத்தை ஒரே இடத்தில் வைத்ததுதான் காரணம்.

எங்கள் ஆயா விதைநெல்லை ஒரே வீட்டில் வைக்க மாட்டார். பாதியை நம் வீட்டுக் குதிரில் வைப்பார். பாதியைத் தெரு தாண்டித் தன் தங்கை வீட்டில் கொடுத்து வைப்பார். கூரை வீடு, எப்போது என்ன ஆகும் என்று தெரியாதே! பேக்கப் என்ற வார்த்தை ஆயாவுக்குத் தெரியாது. விஷயம் தெரியும். இதைப் படித்த நாம் புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரே பென்டிரைவில் வைத்துக் கொண்டு, அது சட்டையோடு சேர்ந்து துவைக்கப்படும் வரை சும்மா இருக்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை

என் ஃபைல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கிடைத்தது! இரண்டு வாரம் கழித்து. முதல் வாரம் நான் உட்கார்ந்தது 14-ம் நம்பர் மெஷின். அடுத்த வாரம் உட்கார்ந்தது 9-ம் நம்பர். ஃபைல் 14-ன் டிஸ்க்கில் அது பாட்டுக்கு இருந்தது. நான்தான் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக் கொண்டிருந்தேன். எல்லா டி.வி.யிலும் ஒரே படம் வருவது மாதிரி எல்லா கம்ப்யூட்டரிலும் என் ஃபைல் வரும் என்று நினைத்த காலம் அது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று அழுகைதான் வந்தது.

இந்த வருடம் லேபுக்கு வந்திருக்கும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளில் யாராவது ஃபைலைத் தொலைத்துவிட்டு விழித்தால், தயவு செய்து சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். பார்த்தவுடன் புரிகிற மாதிரிப் பெயர் வை. எந்த மெஷினில் எந்த ஃபோல்டரில் வைத்தாய் என்று எழுதி வை. இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வை. அவ்வளவுதான் முதல் யூனிட். மீதி தானாக வரும்.

ஸ்பெல்லிங்குக்குப் பயந்து ஜன்னல் தாண்டிய பையன் ஒரு தேசத்தையே அட்டையில் அடுக்கிக் காட்டினார். நாம் நம் ஃபைல்களையாவது ஒழுங்காக அடுக்குவோம், நண்பர்களே!